பார்க்கத் தந்த சம்மதம்

ஒளி நேர்க்கோட்டில் செல்லும் என்று படித்திருக்கிறீர்கள். அப்படியானால் சுமார் ஒன்றரை மீட்டர் நீளத்திற்கு வளைந்து கிடக்கும் பெருங்குடலின் உட்புறத்தை எப்படிப் பார்ப்பது? கண்ணாடி இழைக்குள் புகும் ஒளி, முழு அக எதிரொளிப்பினால் சுவரில் பட்டுப்பட்டு மறுமுனைக்கே வந்து சேரும். இத்தகைய இழைகளைக் கற்றையாகக் கட்டி உருவத்தையே கடத்தலாம் என்று 1954இல் லண்டனில் காட்டியவர்கள் ஹாப்கின்ஸும், பஞ்சாபில் பிறந்த நம் நரிந்தர் சிங் கபானியும். (இன்றைய கருவிகளின் நுனியில் சிறு கேமராவே இருக்கிறது.) 1969இல் நியூயார்க்கில் வுல்ஃப், ஷின்யா என்ற மருத்துவர்கள் இக்குழாய் வழியே கம்பிக் கண்ணி ஒன்றைச் செலுத்தி, குடற்சுவரில் முளைத்த 'பாலிப்' என்னும் சதையை அறுத்தெடுத்தனர். வயிற்றைக் கிழிக்க வேண்டியிருக்கவில்லை.

சிக்கலும் இங்கேதான் பிறந்தது. பார்க்கும் குழாயே அறுக்கும் குழாயாகிவிட்டது. நோயாளியோ பெரும்பாலும் மருந்தின் மயக்கத்தில் இருக்கிறார். அப்போது யாரைக் கேட்பது?

வயிற்றுக்குள் பார்க்கும் லேப்பராஸ்கோப் என்ற கருவியைப் பற்றிய வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை சொன்னது. 1995 மே மாதம் டெல்லியில் 44 வயதுப் பெண்மணி ஒருவர் அச்சோதனைக்குச் சம்மதித்துக் கையெழுத்திட்டார். தேவையானால் வயிற்றைத் திறக்கலாம் என்றும் படிவத்தில் இருந்தது. கருப்பையை அகற்றுவது பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவர் மயக்கத்தில் இருக்கையில், வெளியே காத்திருந்த தாயாரிடம் கையெழுத்து வாங்கி, கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டனர். 2008 ஜனவரி 16ஆம் நாள் தீர்ப்பு வந்தது. சோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குத் தந்ததாகாது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, வயதுவந்தவருக்காகத் தாய்கூடச் சம்மதிக்க இயலாது. இழப்பீடு 25,000 ரூபாய்தான். என்னைக் கேட்டால் மிகக் குறைவு.

சோதனைக்கும் சிகிச்சைக்கும் சேர்த்து முன்கூட்டியே சம்மதம் பெறலாம் என்றும் நீதிமன்றம் கூறிற்று. கொலோனாஸ்கோப்பிக்கு இது மிகவும் பொருந்தும். பாலிப்பைக் கண்டவுடன் எடுத்துவிட்டால், குடலைக் கழுவும் பேதி மருந்தை மறுபடி குடிக்கும் அவதி இல்லை. ஆனால் எடுக்கும்போது இரத்தம் கசியலாம். அபூர்வமாகக் குடலில் துளை விழலாம். இதைச் சொல்லிவிட்டே கையெழுத்து வாங்க வேண்டும். மிக அரிதான ஆபத்துகளையெல்லாம் அடுக்க வேண்டியதில்லை என்றும் தீர்ப்பு சொல்கிறது.

எங்கள் மேனாம்பேட்டில் பெரியவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனால், படிவத்தை மகனிடம் நீட்டுவதும் அவர் படிக்காமலே கையெழுத்திடுவதும் சாதாரணம். சுயநினைவோடு எதிரில் உட்கார்ந்திருக்கும் அப்பாவிடம் படிவத்தைக் கொடுங்கள். படிக்க இயலாதவரானால் தமிழில் படித்துக் காட்டுங்கள். பாலிப் இருந்தால் அப்போதே எடுப்பார்களா என்று அவரே மருத்துவரைக் கேட்கட்டும்.