தீவனமும் தடுப்பு மருந்தும்: ஒரு விஞ்ஞான எண்ணத்தின் வரலாறு

கால்நடைக்குத் தடுப்பு மருந்தை ஊசியால் ஏற்றாமல், அது மேயும் தழையிலும் தின்னும் தானியத்திலும் வைத்தே ஊட்டிவிடலாம் என்னும் எண்ணம், கேட்ட மாத்திரத்தில் யாரோ ஒரு கதாசிரியரின் கற்பனை போலத் தோன்றினும், சென்ற நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் பல தேசங்களின் பரிசோதனைச் சாலைகளில் மிகுந்த நம்பிக்கையுடன் ஆராயப்பட்ட ஒன்றாகும். கூர்ந்து நோக்கினால், அவ்வெண்ணத்தினுள் இரண்டு கோரிக்கைகள் பின்னிக் கிடந்தமை புலப்படும்: மருந்துப் பொருளைச் செடியே உற்பத்தி செய்துதர வேண்டும் என்பது ஒன்று, அச்செடியையே விலங்கு தின்று காப்புப் பெற வேண்டும் என்பது மற்றொன்று. தொடக்கத்தில் ஒன்றாகவே கருதப்பட்ட இவ்விரண்டும் காலப்போக்கில் எவ்வாறு பிரிந்தன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் உத்தேசம்.

இவ்வாசை எழுந்த காரணத்தை அறிய, மாட்டினத்தைச் சூறையாடிய வெக்கை நோயின் வரலாற்றைச் சிறிது நினைவுகூர்தல் அவசியம். இமயமலைச் சாரலிலுள்ள முக்தேசுவரத்தில் எட்வர்ட்ஸ் என்பார் 1920களில் அந்நோயின் வைரஸை ஆடுகளின் உடலில் தொடர்ந்து செலுத்தி, மாட்டுக்கு ஏற்ற தடுப்பு மருந்தாக அதை மாற்றியமைத்தார். 1932-இல் தோன்றிய நம் இராணிப்பேட்டைக் கால்நடைத் தடுப்பு மருந்து ஸ்தாபனமும் முதலில் அந்நோய்க்கான சீரம் தயாரிக்கவே முற்பட்டது. 1960-ஐ ஒட்டி, கென்யாவின் முகுகாவில் வால்டர் பிளௌரைட், கன்றின் சிறுநீரகச் செல்களில் வைரஸை வளர்த்து வலுவிழக்கச் செய்து, ஒரே ஊசியில் நெடுங்காலக் காப்பளிக்கும் சிறந்த மருந்தைப் படைத்தார். ஆயினும் அம்மருந்து குளிர்ச்சியை விட்டு நீங்கினால் விரைவில் பயனற்றுப் போகும் இயல்பினது. சாலையும் மின்சாரமும் எட்டாத மேய்ச்சல் நிலங்களில், பனிக்கட்டிப் பெட்டியைச் சுமந்து சென்று, பழகாத மாடுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கட்டி ஊசி போடுவதன் பிரயாசை எத்தகையது என்பதைக் கால்நடை மருத்துவர் எவரும் சொல்லுவர். மருந்தே தீவனமாகிவிட்டால் இவ்வளவு தொல்லையும் ஒழியுமன்றோ?

அதற்கான கருவி 1983-இல் கிடைத்தது. அக்ரோபாக்டீரியம் என்னும் மண் நுண்ணுயிரின் துணையால் அயல் மரபணுவைப் புகையிலைச் செடியில் புகுத்தும் முறையைப் பெல்ஜியத்துக் கெண்ட் நகரத்தாரும் அமெரிக்க ஆராய்ச்சியாளரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வெளியிட்டனர். 1992-இல் மேசன், லாம், ஆர்ன்ட்சன் என்னும் மூவரும் மஞ்சட்காமாலை பி வைரஸின் மேற்பரப்புப் புரதத்தைப் புகையிலையில் உண்டாக்கிக் காட்டியபோது, ஏழை நாடுகளின் குழந்தைகளுக்கு வாழைப்பழத்திலேயே தடுப்பு மருந்து கொடுக்கலாம் என்ற பேச்சுப் பத்திரிகைகளில் பரவியது. மனிதரிடம் இது எளிதில் பலிக்கக் கூடியதன்று என்பது என் அபிப்பிராயம். 1998-இல் முடிவு வெளியான ஓர் அமெரிக்கப் பரிசோதனையில் தொண்டர்கள், தடுப்பு மருந்துப் புரதம் விளைந்த உருளைக்கிழங்கைப் பச்சையாகவே தின்ன வேண்டியதாயிற்று, சமைத்தால் புரதம் சிதைந்துவிடுமாதலால். மாடோ எதையும் சமைத்து உண்பதில்லை. எனவே இவ்வெண்ணத்தின் இயற்கையான இடம் மாட்டுக் கொட்டிலே என்று சிலர் துணிந்ததில் வியப்பில்லை.

அவ்வாறு துணிந்தவருள் முதன்மையானோர் அர்ஜென்டினாவின் காஸ்டெலாரிலுள்ள ஆராய்ச்சியாளர்கள். மாட்டிறைச்சி ஏற்றுமதியால் வாழும் அந்நாட்டுக்குக் கோமாரி நோய் ஒரு நோய் மாத்திரமன்று. வர்த்தகத்தின் கழுத்தை நெரிக்கும் கயிறு. கோமாரி வைரஸின் மேலுறைப் புரதங்களுள் ஒன்றான விபி1-ஐ அவர்கள் முதலில் ஒரு சிறு ஆய்வுச் செடியிலும், பின்னர், அந்நாட்டு மாடுகள் நாள்தோறும் மேயும் குதிரை மசாலிலும் உண்டாக்கினர். அத்தழையைத் தின்ற சுண்டெலிகள் வைரஸின் தாக்குதலைத் தாங்கியதாக 1999-இல் வெளிவந்த கட்டுரை, இத்துறையில் ஒரு மைல்கல் எனத் தகும். ஆனால் இலையில் உண்டான புரதத்தின் அளவு மிகச் சொற்பம். அதிகம் விளைவிக்கும் செடியைக் கண்டறிவதற்காகவே, அப்புரதத்தின் ஒரு சிறு துண்டை எளிதில் அளக்கத்தக்க மற்றொரு நொதியோடு இணைக்கும் தந்திரத்தைப் பின்னர் அவர்கள் கைக்கொள்ள நேர்ந்தது. மேலும், கோமாரி வைரஸ் ஒன்றல்ல, ஏழு வகை. ஒன்றுக்கு எதிரான காப்பு மற்றொன்றுக்கு உதவாது.

பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் நிகழ்ந்ததோ வேறொரு விதத்தில் சுவாரசியமானது. அங்கே எம். எஸ். ஷைலா, லட்சுமி சீதா ஆகியோரின் குழுவினர் வெக்கை நோய் வைரஸின் ஹீமக்ளூட்டினின் என்னும் புரதத்தை நிலக்கடலைச் செடியில் உண்டாக்கினர். கொடியைக் கால்நடைக்குப் போடுவது நம் குடியானவரின் பழைய வழக்கமாதலால், தேர்வு பொருத்தமானதே. அத்தழையை ஊக்கப்பொருள் ஏதுமின்றித் தின்ற மாடுகளின் இரத்தத்தில், வைரஸைச் செயலிழக்கச் செய்யும் எதிர்ப்பொருள்கள் தோன்றின. ஆனால் இம்முடிவுகள் வெளிவந்த இப்புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் வெக்கை நோயே இல்லை! இந்நாட்டில் கடைசியாக 1995-இல் தமிழ்நாட்டில் தென்பட்ட அந்நோய், வெப்பந் தாங்கும்படி திருத்தப்பட்ட தடுப்பு மருந்தாலும், ஆப்பிரிக்க மேய்ச்சல் நிலங்களில் இடையர்களையே ஊசி போடப் பழக்கிய முயற்சியாலும் உலகெங்கும் பின்வாங்கி, 2011-இல் முற்றாக ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. செடி எந்தச் சிக்கலைத் தீர்க்கப் பிறந்ததோ அதைப் பனிக்கட்டி வேண்டாத ஒரு சாதாரண ஊசியே தீர்த்துவிட்டது.

உண்ணும் மருந்துக்கு உள்ளபடியே தடையாய் நின்றது விலங்கின் வயிறு. அசைபோடும் விலங்கின் முதல் வயிறு, எண்ணற்ற நுண்ணுயிர்கள் புரதத்தைச் சிதைத்துத் தம் உணவாக்கிக்கொள்ளும் இடம். செடியின் செல்சுவர் மருந்துப் புரதத்தைச் சிறிது நேரம் போர்த்திக் காக்கும் என்றாலும், குடலின் நோயெதிர்ப்புத் திசுக்களை எட்டுவது உட்கொண்டதில் ஒரு பகுதியே. அங்கு எட்டியபின்னும் ஓர் இடர் உண்டு. உணவோடு வரும் அயற்புரதம் ஒவ்வொன்றையும் பகையென எண்ணினால் உயிர் வாழ்வது அசாத்தியமாதலால், குடல் இயல்பாகவே பொறுமை பழகியிருக்கிறது. தினந்தோறும் சிறுகச் சிறுக ஊட்டப்படும் தடுப்பு மருந்து, எதிர்ப்பை எழுப்புவதற்கு மாறாக, அப்பொறுமையையே வளர்த்துவிடக் கூடும். தவிரவும், ஒரு மாடு நிறையத் தின்னும், மற்றொன்று முகர்ந்துவிட்டு ஒதுங்கும்; நோயுற்றதோ தீவனத்தைத் தொடவே தொடாது. இன்ன விலங்குக்கு இவ்வளவு அளவு என்று நிர்ணயிக்க இயலாத பொருளை மருந்தெனப் பதிவு செய்ய எந்த அரசாங்க அதிகாரிதான் முன்வருவார்?

அசைபோடாத பன்றியிடம் இவ்விடர்கள் குறைவு. டெக்சாஸைச் சார்ந்த பிராடிஜீன் என்னும் கம்பெனி, பன்றிக் குட்டிகளை வயிற்றுப்போக்கால் மாய்க்கும் ஒரு வைரஸின் புரதத்தை மக்காச்சோளத்தில் விளைவித்து, அதைத் தின்ற குட்டிகளுக்கு ஓரளவு காப்புக் கிடைத்ததையும் காட்டியது. எனினும் 2002-இல், அத்தகைய மருந்துச் சோளம் முந்தைய ஆண்டில் பயிரான நெப்ராஸ்கா நிலத்தில் தானே முளைத்த செடிகள், அங்கு அறுவடையான சோயாவோடு கலந்துவிட, அந்தச் சோயா சேர்ந்த களஞ்சியத்திலிருந்த ஐந்து லட்சம் புஷல் தானியமும் அழிக்கப்பட நேர்ந்தது; கம்பெனிக்கு இரண்டரை லட்சம் டாலர் அபராதமும் விதிக்கப்பட்டது. மருந்து உணவாக இருப்பதே அதன் சிறப்பென்று சொல்லிவந்தவர்களுக்கு, அச்சிறப்பே குற்றமாய் முடிந்த கதை இது.

இதன்பின் இத்துறை திசை மாறிற்று. 2006-இல் அமெரிக்க விவசாய இலாகா, கோழிகளின் வெள்ளைக்கழிச்சலுக்கு எதிராக டௌ கம்பெனி தயாரித்த மருந்துக்கு அனுமதி அளித்தது. செடியிலிருந்து வந்த தடுப்பு மருந்து இத்தகைய அனுமதி பெற்றது அதுவே முதன்முறை. ஆயினும் அது வயலில் விளைந்ததன்று, மூடிய கலன்களில் வளர்த்த புகையிலைச் செல்களில் உண்டானது, கோழிக்கு ஊசியாலேயே செலுத்தத்தக்கது, சந்தைக்கும் வரவில்லை. 2019-இல் தென்கொரியா அனுமதித்த பன்றிக்காய்ச்சல் மருந்தும் புகையிலையின் இனமான ஒரு செடியில் உருவாகி, சுத்திகரிக்கப்பட்டு, ஊசியில் ஏறுவதே. செடி உற்பத்திச் சாலையாக நிலைபெற்றது, தீவனமாக அல்ல. ஒரு விதிவிலக்கைக் குறிப்பிடாமல் விடுவது நியாயமாகாது. 2013-இல் கெண்ட் நகரத்தார், குடல் நோய்க் கிருமிக்கு எதிரான ஆயத்த எதிர்ப்பொருள்களையே ஒரு செடியின் விதைகளில் விளைவித்து, பால் மறந்த பன்றிக் குட்டிகளின் தீவனத்தில் கலந்து, அவற்றைக் காத்தனர். இங்கே குடலைத் தூண்டவேண்டிய தேவையே இல்லை. தாய்ப்பால் செய்யும் வேலையை விதை சில நாள் செய்கிறது, அவ்வளவே.

ஷைலாவின் குழுவினர் நிலக்கடலையைக் கைவிடவில்லை. வெக்கை நோய்க்கு நெருங்கிய உறவான ஆட்டுக்கொல்லி நோய், இந்தியாவில் முதன்முதலாக 1987-இல் விழுப்புரத்தை அடுத்த அரசூரில் கண்டறியப்பட்டபோது அதைப் பற்றி எழுதியவருள் அவரும் ஒருவர்; அந்நோய் வைரஸின் புரதத்தையும் அவர்கள் பின்னாளில் அதே செடியில் உண்டாக்கினர். 2030-க்குள் அந்நோயை உலகினின்றே ஒழிப்பதென்று சர்வதேச ஸ்தாபனங்கள் திட்டமிட்டு நடத்தும் இயக்கத்தில் நம் நாட்டு ஆடுகளுக்குப் போடப்படுவதோ, வலுவிழக்கச் செய்த வைரஸ், தோலுக்கடியில், ஊசியால்.