ஆசை ராஜாவுக்கு... பழி ஆசைநாயகிகளுக்கு! - 15-ம் லூயி கதைகளில் எது நிஜம், எது கற்பனை?

தங்க முலாம் பூசிய அறைகள், மெழுகுவத்தி வெளிச்சம், முகமூடி நடனம், ரகசியப் படிக்கட்டு. பிரெஞ்சு ராஜா 15-ம் லூயியை வைத்து எழுதப்படும் எந்த வரலாற்று நாவலும் இவை இல்லாமல் நகராது. கூடவே ராஜாவின் மனசை ஆட்டிவைக்கும் ஓர் அழகியும் கட்டாயம் உண்டு. கடைசியில் நாடு நாசமாகும். யார் காரணம்? 'அந்தப் பொம்பளைதான்' என்று கதை சொல்லிவிடும்.

டூமா 1846-ல் தொடராக எழுத ஆரம்பித்த 'ஜோசப் பால்சமோ' நாவல், லூபிட்ச் இயக்கிய 1919-ம் வருட மௌனப்படம் 'மேடம் டு பாரி', 1972-ல் ஜப்பானில் தொடங்கிய 'தி ரோஸ் ஆஃப் வெர்சாய்' காமிக்ஸ், ஜானி டெப் ராஜாவாக நடித்த 2023-ம் வருடப் படம் 'ஜான் டு பாரி' என்று இந்த ராஜாவின் அரண்மனைக்குள் போய்வந்த படைப்புகள் ஏராளம். இவற்றைப் படிக்கும்போதும் பார்க்கும்போதும் எதை நம்பலாம், எங்கே கொஞ்சம் நின்று யோசிக்கணும்? பார்ப்போம்.

ஐந்து வயசு ராஜா

14-ம் லூயியின் கொள்ளுப்பேரன்தான் 15-ம் லூயி. 1710-ல் பிறந்தவர். இரண்டு வயசிலேயே அம்மா, அப்பா, அண்ணன் மூவரையும் தொற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். 1715-ல் கொள்ளுத்தாத்தா இறந்ததும் ஐந்து வயசில் கிரீடம் தலைக்கு வந்தது. 15 வயசில் கல்யாணம். மணப்பெண் போலந்து இளவரசி மரி லெஸ்சின்ஸ்கா, அவரைவிட ஏழு வயசு மூத்தவர். முதல் சில வருடங்கள் இருவரும் ஒற்றுமையாகத்தான் வாழ்ந்தார்கள். பத்து வருடங்களில் பத்துக் குழந்தைகள்!

அதற்குப் பிறகுதான் நாவலாசிரியர்களுக்குத் தீனி கிடைக்கிறது. நெல் என்ற பிரபுக் குடும்பத்தின் ஐந்து சகோதரிகளில் நான்கு பேர் ஒருவர் பின் ஒருவராக ராஜாவின் வாழ்க்கைக்குள் வந்ததாக வரலாறு சொல்கிறது. கற்பனையாக எழுதினால் 'ஓவர்' என்று ஒதுக்கிவிடுவோம், ஆனால் இது நிஜம். சாலி கிறிஸ்டி 2015-ல் எழுதிய 'தி சிஸ்டர்ஸ் ஆஃப் வெர்சாய்' நாவல் இந்தச் சகோதரிகளின் கதைதான்.

அந்தச் சகோதரிகளில் ஒருவரான ஷாத்தோரூ சீமாட்டிக்கு நடந்ததைக் கேளுங்கள். 1744-ல் போர்முனைக்குப் போன ராஜா மெட்ஸ் நகரில் நோயில் படுத்து, பிழைப்பதே சந்தேகம் என்ற நிலைக்குப் போனார். 'அந்தப் பெண்ணை அனுப்பினால்தான் பாவமன்னிப்பு' என்று பிஷப் கறாராகச் சொல்லிவிட, அவரை ஊரைவிட்டே அனுப்பினார்கள். வழியெல்லாம் ஜனங்களின் வசவு. ராஜா பிழைத்துக்கொண்டார். மக்கள் அவருக்கு 'அன்புக்குரியவர்' என்று பட்டப்பெயர் சூட்டிக் கொண்டாடினார்கள். ஒரே தப்பு, இரண்டு பேர். ஒருவருக்கு வசவு, இன்னொருவருக்குப் பட்டம். இனி வரப்போகும் எல்லாக் கதைகளுக்கும் இதுதான் முன்னோட்டம்.

அது ஒரு பதவி

நாவல்கள் காதலாக மட்டுமே காட்டும் இந்த உறவு, அரண்மனையில் கிட்டத்தட்ட ஓர் உத்தியோகம். 'அதிகாரபூர்வ ஆசைநாயகி' என்ற இடத்துக்கு வர சில சம்பிரதாயங்கள் இருந்தன. அந்தப் பெண்ணுக்குப் பிரபுப் பட்டம் வேண்டும். அரண்மனையில் எல்லோர் முன்னாலும் முறைப்படி அறிமுகம் செய்துவைக்க உயர்குடிப் பெண் ஒருவர் முன்வர வேண்டும். அதன் பிறகு அரண்மனையிலேயே தனி ஜாகை கிடைக்கும். ஆமாம், ராஜாவின் அறைகளோடு இணைக்கும் அந்தப் படிக்கட்டும் நிஜம்தான்.

இந்த இடத்துக்கு வந்தவர்களில் மிகப் பிரபலமானவர் மேடம் பாம்படூர். இயற்பெயர் ஜான் ஆன்துவானெத் புவாஸோன். பிரபுக் குடும்பம் கிடையாது, பாரிஸின் பணக்கார நிதித்துறை வட்டாரத்தில் வளர்ந்தவர். 1745 பிப்ரவரியில் வெர்சாயில் இளவரசரின் கல்யாணத்துக்காக ஒரு முகமூடி நடனம் நடந்தது. ராஜாவும் சில தோழர்களும் வெட்டி அலங்கரித்த மரம் மாதிரி வேஷம் கட்டி வந்தார்கள். எந்த மரம் ராஜா என்றே தெரியாது! அந்த இரவில்தான் ராஜா அவரோடு நெருங்கிப் பேசினார் என்பது புகழ்பெற்ற கதை. ஆனால், கண்டதும் காதல் எல்லாம் இல்லை. அவருடைய வீடு ராஜா வேட்டைக்கு வரும் செனார் காட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. ராஜாவின் கண்ணில் படும்படி அந்தக் காட்டுப் பாதையில் அவர் வண்டி ஓட்டிப்போனது அதற்கு முன்பே நடந்தது.

1750 வாக்கில் உடல் ரீதியான உறவு முடிந்துபோனது. இருந்தும், 1764-ல் 42 வயசில் இறக்கும்வரை அவர் அதே இடத்தில் இருந்தார். எப்படி? அதிகம் பேசாத, சீக்கிரம் அலுத்துப்போகும் ஒரு மனிதருக்குத் தோழியாக, யோசனை சொல்பவராக, சின்ன அரங்கில் நாடகம் போட்டு நடித்துக்காட்டும் கலைஞராக இருந்தார். செவ்ர் பீங்கான் தொழிற்சாலை வளர்ந்ததிலும், பாரிஸில் ராணுவப் பள்ளி உருவானதிலும் அவர் பங்கு உண்டு. லா தூர் வரைந்த அவருடைய ஓவியத்தில், மேஜை மேல் 'என்சைக்ளோபீடியா' தொகுதி ஒன்று இருப்பதைப் பார்க்கலாம். தேவாலயமும் அரசும் முறைத்துப் பார்த்த புத்தகம் அது!

கற்பனை எப்போது ஆரம்பித்தது?

இந்தப் பெண்களைப் பற்றிய கட்டுக்கதைகள் பின்னாளில் நாவலாசிரியர்கள் உருவாக்கியவை என்று நினைத்தால், இல்லை. அவர்கள் உயிரோடு இருந்தபோதே பாரிஸ் தெருக்களில் கிண்டல் பாட்டுகள் ஓடின. 'புவாஸோன்' என்றால் பிரெஞ்சில் மீன். அதை வைத்தே பாம்படூரைப் போட்டுத் தாக்கினார்கள். இந்தப் பாட்டு விவகாரத்தில் மோர்பா என்ற அமைச்சருக்கு 1749-ல் பதவியே போனது. ராஜா இறந்த அடுத்த வருடம் டு பாரியைப் பற்றி வெளிவந்த வம்புப் புத்தகம், அந்தக் காலத்தின் தடை செய்யப்பட்ட நூல்களில் சக்கைப்போடு போட்டது. 1829-ல் 'டு பாரியின் நினைவுக் குறிப்புகள்' என்று ஒன்று வந்தது. அதை எழுதியவர் லமோத் லாங்கோன் என்ற எழுத்தாளர், டு பாரியே இல்லை! இந்த வம்பு இலக்கியம்தான் பல நாவல்களுக்கு மூலச்சரக்கு.

மிகப் பெரிய குற்றச்சாட்டு, 'பாம்படூர்தான் நாட்டைப் போரில் தள்ளினார்' என்பது. 1756-ல் பிரான்ஸ் தன் பரம விரோதி ஆஸ்திரியாவோடு கைகோத்தது. அந்தப் பேச்சுவார்த்தையில் பாம்படூருக்குப் பங்கு இருந்தது உண்மை. ஆனால், கையெழுத்து ராஜாவுடையது. அதைவிட முக்கியமான விஷயம், 15-ம் லூயி தனக்கென்று ஒரு ரகசிய வெளியுறவு அமைப்பை இருபது வருடங்களுக்கு மேல் நடத்தினார். தன் வெளியுறவு அமைச்சர்களுக்குக்கூடத் தெரியாமல் நடத்திய அந்த வேலையில் பாம்படூருக்கு இடமே தரவில்லை. 'பெண் பேச்சைக் கேட்டு ஆடிய பொம்மை ராஜா' என்ற சித்திரம் இங்கே அடிபடுகிறது.

கஜானா காலியானதற்கும் நகையும் பட்டும் மட்டுமா காரணம்? போர்ச் செலவும் அதற்கு வாங்கிய கடனும்தான் பெரிய ஓட்டை. 1749-ல் பிரபுக்கள், தேவாலயம் உட்பட எல்லோருக்கும் வரி என்று சட்டம் வந்தது. குருமார்கள் எதிர்த்ததும் ராஜா அவர்களுக்குப் பணிந்துபோனார்.

அந்த ஏழாண்டுப் போரின் சூடு நம் பக்கமும் பட்டது. 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. அந்நகரின் பிரெஞ்சு ஆட்சியைத் தமிழில் நாட்குறிப்பாக எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை, அதற்குச் சில நாட்கள் முன்னால்தான் இறந்துபோனார். தோற்ற தளபதி லாலியை பாரிஸுக்குக் கொண்டுபோய் விசாரித்து 1766-ல் தலையை வெட்டினார்கள். அங்கேயும் பழி சுமக்க ஒருவர் தேவைப்பட்டார்.

கதைகள் மெருகேற்றும் இருட்டு

நாவல்கள் சில விஷயங்களில் மிகைப்படுத்தும், சிலவற்றில் பூசி மெழுகும். வெர்சாய் நகரின் பார்க் ஓ சேர் பகுதியில் ராஜாவுக்காக ஒரு ரகசிய வீடு இருந்தது. 'நூற்றுக்கணக்கான பெண்கள் இருந்த அந்தப்புரம்' என்பது வதந்தி. அது ஒரு சின்ன வீடு, ஒரு நேரத்தில் ஓரிருவர் இருந்திருக்கலாம், அவ்வளவுதான். ஆனால், அங்கே கொண்டுவரப்பட்டவர்கள் பெரும்பாலும் எளிய குடும்பத்து இளம்பெண்கள், பதின்ம வயதுச் சிறுமிகளும் உண்டு. பிறகு பணம் கொடுத்து யாருக்காவது கட்டிவைத்து அனுப்பிவிடுவார்கள். இதை 'ராஜாவின் லீலைகள்' என்று குஷியாக எழுதும் புத்தகத்தைப் பார்த்தால் கொஞ்சம் உஷாராகிவிடுங்கள்.

கடைசி ஆசைநாயகி

மேடம் டு பாரி, தையல்காரப் பெண்ணின் மகள். தொப்பிக் கடையில் வேலை பார்த்தவர். பட்டம் வேண்டுமே என்று அவரை ஒரு பிரபுவுக்குப் பெயரளவில் கல்யாணம் செய்துவைத்தார்கள். 1769-ல் அரண்மனையில் அறிமுகப்படுத்த யாரும் முன்வராதபோது, கடனில் தவித்த ஒரு சீமாட்டியின் கடனை அடைத்து சம்மதிக்க வைத்தார்கள். டூமா தன் நாவலில் இதைச் சுவையாகப் பயன்படுத்தியிருக்கிறார். இளவரசி மேரி அன்டோனெட் அவரோடு பேச மறுத்து, கடைசியில் 1772 புத்தாண்டு அன்று ஒரே ஒரு வாக்கியம் பேசியதும் நிஜம்.

647 வைரங்கள் பதித்த புகழ்பெற்ற அட்டிகை நினைவிருக்கிறதா? 'ராஜா டு பாரிக்காக வாங்குவார்' என்று நம்பி நகை வியாபாரிகள் அதைச் செய்தார்கள். 1774 மே 10-ல் பெரியம்மையில் ராஜா இறந்துபோக, நகை விற்கவில்லை. 1785-ல் அதே நகை மேரி அன்டோனெட்டின் பெயரைக் கெடுத்தது. அவர் அதை வாங்கவே இல்லை!

டு பாரியின் வீட்டில் ஸமோர் என்ற பையன் இருந்தான். கதைகளில் இவனை ஆப்பிரிக்கச் சிறுவனாகவே பெரும்பாலும் காட்டுவார்கள். ஆனால், தான் வங்காளத்தின் சிட்டகாங்கில் பிறந்தவன் என்று அவனே சொல்லியிருக்கிறான். அடிமையாக விற்கப்பட்டு, அலங்காரப் பொருள் போல பட்டு உடை உடுத்தி வளர்க்கப்பட்டவன். புரட்சி வந்தபோது அவன் டு பாரிக்கு எதிராகச் சாட்சி சொன்னான். சினிமாவில் அது துரோகம். அவன் பக்கமிருந்து யோசித்தால் அந்த வார்த்தை அவ்வளவு சுலபமாகப் பொருந்தாது.

1793 டிசம்பர் 8-ல் டு பாரியின் தலை கில்லட்டினில் விழுந்தது. ராஜா இறந்து 19 வருடங்கள் ஆகியிருந்தன. அவர் படுக்கையில் இறந்தார். மக்களின் கோபத்துக்குப் பயந்து இரவோடு இரவாக உடலைக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள்.

அடுத்த முறை இந்த மாதிரி நாவலை எடுக்கும்போது மூன்று கேள்விகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முடிவை உண்மையில் எடுத்தது யார்? இந்தத் தகவல் கடிதம், கணக்குப் புத்தகத்திலிருந்து வந்ததா, வம்புப் பாட்டிலிருந்து வந்ததா? பின்னணியில் நிற்கும் வேலைக்காரச் சிறுவனுக்கும் ஏழைப் பெண்ணுக்கும் கதையில் பேச இடம் இருக்கிறதா? நடனமும் வைரமும் இருக்கட்டும், அவற்றையும் ரசிக்கலாம். நல்ல நாவலாசிரியர் இந்த மூன்றுக்கும் பதில் வைத்திருப்பார்.