ரோஜாப் பருவத்து ஜலதோஷம்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் முன்னிலையில் ஒருவர் தும்மினார். அண்ணலார் அவருக்காக இறையருளை வேண்டினார்கள். அவர் மறுபடியும் தும்மியபோது, அம்மனிதருக்கு ஜலதோஷம் பிடித்திருக்கிறது என்றார்கள். ஸலமா இப்னுல் அக்வஃ (ரலி) அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. தும்மியவருக்கு மறுமொழி கூறும் சட்டத்திற்காகவே இதனை நாம் வகுப்பில் ஓதிக் கொடுக்கிறோம். வழக்கமான தும்மலையும் நோயால் வரும் தும்மலையும் பிரித்தறியும் நுட்பமும் இதில் இருப்பதை எளிதில் கடந்துவிடுகிறோம்.

மருத்துவத்தில் இவ்வாறு பிரித்தறிவதையே தம் வாழ்நாள் பணியாகக் கொண்டவர் அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸகரிய்யா அர்-ராஸி. 865இல் ரய் நகரில் பிறந்து, ரய்யிலும் பக்தாதிலும் மருத்துவமனைகளுக்குத் தலைமை தாங்கியவர். பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்தி விளக்கிய அவரது நூல் உலகறிந்தது. அவர் எழுதிய சிறு மடல் ஒன்றை நம்மவரில் அறிந்தோர் சிலரே. வசந்த காலத்தில் ரோஜாவை முகரும்போது அபூஸைத் அல்-பல்கிக்கு ஜலதோஷம் உண்டாவதன் காரணத்தை ஆராய்வது அம்மடல். அதன் நீண்ட தலைப்பிலேயே நோயாளியின் பெயர், பருவம், நோய் தோன்றும் சூழல் மூன்றும் அடங்கிவிடுகின்றன. அந்நோயாளியும் சாமானியர் அல்லர். புவியியலில் ஒரு மரபையே தோற்றுவித்தவர். உடல் நலத்தையும் உள நலத்தையும் ஒருசேரப் பேசும் ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ நூலின் ஆசிரியர். ஜெர்மானிய மொழியில் ஃப்ரீட்ரூன் ஹாவ் 1975இல் இம்மடலை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்.

ஒவ்வாமையைக் கண்டுபிடித்தவர் ராஸியே என்று நம் மேடைகளில் முழங்குவோர் உண்டு. அது மிகை என்பதே நம் கருத்து. மூளையிலிருந்து ஈரம் கீழிறங்குவதே ஜலதோஷம் என்ற கிரேக்க மரபின் சட்டகத்துக்குள்தான் அக்கால மருத்துவர் அனைவரும் சிந்தித்தனர். மூக்கின் வழி இறங்குவதை ‘ஸுகாம்’ என்றும் தொண்டைக்கு இறங்குவதை ‘நஸ்லா’ என்றும் பிரிக்கும் வழக்கை இப்னு ஸீனாவும் ‘கானூன்’ நூலில் குறிப்பிடுகிறார். பருவ ஜலதோஷத்தைத் தமக்கே உற்ற நோயாகக் கண்டு லண்டன் மருத்துவர் ஜான் பாஸ்டாக் விவரித்தது 1819இல். அதற்குக் காரணம் மகரந்தமே என்று சார்லஸ் பிளாக்லி தம்மீதே சோதித்து நூலாக்கியது 1873இல். ரோஜாவின் மகரந்தமோ கனமானது. பெரும்பாலும் பூச்சிகளே அதனைச் சுமந்து செல்கின்றன. அதே பருவத்தில் பூக்கும் மரங்களும் புற்களும் பல்கியாரை வருத்தியிருக்கக்கூடும்.

எனினும், மருந்தைச் சொல்வதற்கு முன் ‘எப்போது வருகிறது, எதன் அருகில் வருகிறது’ என்று பார்த்தாரே, அப்பெருமை ராஸிக்கே உரியது. நம் வீடுகளில் இல்லாதது அந்தக் கேள்விதான். சாதாரண ஜலதோஷம் வைரஸ்களால் வருவது. பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் தானே விலகும். ஆன்டிபயாடிக் மாத்திரை வைரஸைக் கொல்லாது. உன்னாப், ஸபிஸ்தான், பனஃப்ஷா, அதிமதுரம் ஆகியவற்றைக் கொதிக்க வைத்து யூனானி ஹகீம்கள் தரும் ஜோஷாந்தா தொண்டைக்கு இதமளிக்கும். இருமலுக்குத் தேனும் நல்லது. ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஆபத்தானது. ஆவி பிடிக்கையில் கொதிநீர் கவிழ்ந்து வெந்துபோகும் பிள்ளைகளும் உண்டு. மூச்சுத் திணறலோ விடாத காய்ச்சலோ கண்டால் கைவைத்தியத்தை நிறுத்தி மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

பிறருக்குத் தொற்றாமல் காக்க, தும்மும்போது கையாலோ துணியாலோ முகத்தை மறைத்துக்கொண்ட நபிவழி நம்மிடம் இருக்கிறது. கையில் தும்மினால் அக்கையை உடனே சோப்பிட்டுக் கழுவிவிட வேண்டும். உளூச் செய்வோருக்கு ஜலதோஷமே வராது என்று எழுதுவோருடன் நமக்கு உடன்பாடில்லை. உளூ வணக்கத்திற்கான தூய்மை.

நம் மாணவர் ஒருவர் ஆண்டில் ஐந்தாறு முறை ‘சளி பிடித்துவிட்டது’ என்று மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவார். அல்-பல்கியின் வரலாற்றை வகுப்பில் சொன்ன அன்று அவரே எழுந்து, நூலகத்துப் பழைய கிதாபுகளைத் தூசி தட்டும் நாட்களில்தான் தமக்கு அது வருகிறது என்றார். இப்போது மூக்கில் துணி கட்டிக்கொண்டே அலமாரியைத் திறக்கிறார்.