சத்தியப் பிரமாணமும் தேர்தல் மனுவும்: சித்தூர் வட்டாரத்தில் வாக்காளரின் மௌனமும் எதிர்ப்பும்

சித்தூர் நகரத்திலிருந்து ஏறத்தாழ பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில், பாகுதா நதிக்கரையில் எழுந்தருளியிருக்கும் காணிப்பாக்கம் வரசித்தி விநாயகர் சந்நிதியில் பொய்ப் பிரமாணம் செய்தவன் தண்டனைக்குத் தப்பமாட்டான் என்னும் நம்பிக்கை, அந்தச் சுற்றுவட்டாரத்துத் தமிழர், தெலுங்கர் இரு சாராரிடமும் தலைமுறை தலைமுறையாக வேரூன்றி நிற்கிறது. கடன் தகராறும் களவுக் குற்றச்சாட்டும் பங்காளிச் சண்டையும் அங்கே வந்து தீர்கின்றன. அண்மைக் காலத்தில் அரசியல்வாதிகளும் ஒருவரையொருவர் காணிப்பாக்கத்துக்கு வந்து பிரமாணம் செய்யும்படி அறைகூவி அழைப்பது சாதாரணமாகிவிட்டது. இந்த வழக்கத்தின் தெய்வீகத்தை ஆராய்வது நம் நோக்கமன்று. வழக்காளியும் எதிராளியும் நேருக்கு நேர் நிற்க, ஊரார் சாட்சியாக இருக்க, அன்றைக்கே முடிவு கிடைத்துவிடுகிறது என்பதே நாம் கவனிக்க வேண்டியது. அத்தகைய நியாய உணர்ச்சி படைத்த மக்கள், தேர்தலில் முறைகேடு நடந்ததாகப் புகார் எழும்போது சில சமயம் வாய்மூடி இருப்பதும், சில சமயம் கிளர்ந்தெழுவதும் ஏன் என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

மக்களின் உதாசீனமே காரணம் என்று சொல்லிவிடுவது எளிது; சரித்திரம் அதற்கு இடம் தரவில்லை. 1911-இல் தனி மாவட்டமாக அமைந்த சித்தூர், 1953 அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திர ராஜ்யம் பிறந்தபோது அதனுடன் சேர்க்கப்பட்ட காலத்தில், ம.பொ.சிவஞானமும் மங்கலங்கிழாரும் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தில் இந்த வட்டாரத்துச் சாமானியர்கள் மறியல் செய்தார்கள், சிறை புகுந்தார்கள். அதன் பயனாக, எல்லை பற்றிய படாஸ்கர் அறிக்கையின்படி 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குத் திரும்பியது. எல்லைக்காக எழுந்த ஜனங்கள் வாக்குக்காக எழாமல் இருந்தார்களென்றால், அதற்கு அவர்களுடைய சுபாவத்தை விட்டு வேறு காரணம் தேடுவதே முறை.

பழைய தொண்டை மண்டலத்தில் ஒரு கணம் நின்று பார்க்கலாம். முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் உத்திரமேரூரில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கும்போது, தகுதியையும் தகுதியின்மையையும் மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. சபையோர் அனைவரும் காணும்படி குடத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்றும், ஏதுமறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டே ஓலையை எடுப்பிக்க வேண்டும் என்றும் விதிக்கின்றன. அது பிராமணக் குடியிருப்பின் நிலவுடைமையாளர் சபை. பெண்களுக்கும் உழைக்கும் குடிகளுக்கும் அங்கே இடமில்லை. ஆகையால் அதை ஜனநாயகம் என்று கொண்டாடுவதில் எனக்குச் சம்மதமில்லை. ஆயினும் தேர்தலின் நேர்மைக்குச் சபையின் கண்களே காவல் என்ற தத்துவம் அங்கே தெளிவாக விளங்குகிறது. கூடியிருப்பவர்களே சாட்சிகளாதலால், தகராறு எழுமானால் அது அந்த இடத்திலேயே, அந்த நேரத்திலேயே எழுந்திருக்க வேண்டும்.

தேர்தல் தகராறுக்கும் கூடியிருக்கும் சபைக்கும் இருந்த இந்த உறவு சுதந்திர பாரதத்தின் முதல் பொதுத் தேர்தலிலேயே மாறியது. சேலம் மாவட்டத்து நாமக்கல் தொகுதியில் தமது வேட்புமனு நிராகரிக்கப்பட்டதை எதிர்த்து என்.பி. பொன்னுசாமி தொடுத்த வழக்கில், 1952 ஜனவரி 21-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது: தேர்தல் நடந்துகொண்டிருக்கும்போது நீதிமன்றம் குறுக்கிடலாகாது, குறைகள் யாவையும் தேர்தல் முடிந்தபின் தேர்தல் மனுவாகவே கொண்டுவர வேண்டும் என்பதே அரசியலமைப்பின் 329-ஆவது விதியின் பொருள். தேர்தலை வழக்குகளால் முடக்கிவிடாமல் காத்த இத்தீர்ப்பின் நியாயத்தை மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் விளைவாகத் தேர்தல் தகராறு ஊர்ப் பொதுமன்றத்தை விட்டு நீங்கி, நடைமுறையில் தோற்ற வேட்பாளருக்கும் வென்ற வேட்பாளருக்கும் இடையிலான வழக்காகச் சுருங்கிற்று. வாக்கை இழந்தவன் அதில் வேடிக்கை பார்ப்பவனானான். முதலில் தேர்தல் தீர்ப்பாயங்களும், 1966-க்குப் பின் உயர் நீதிமன்றங்களும் இம்மனுக்களை விசாரித்து வந்திருக்கின்றன.

காலதாமதம் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு ராதாபுரம் தொகுதியே போதும். 2016 தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தலில் அங்கே 49 வாக்கு வித்தியாசத்தில் அப்பாவு தோற்றதாகவும் இன்பதுரை வென்றதாகவும் அறிவிக்கப்பட்டது. மறு எண்ணிக்கை 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலேயே நடந்தது. அதன் முடிவை வெளியிட சுப்ரீம் கோர்ட்டு தடை விதித்தது. அந்தச் சட்டமன்றத்தின் ஆயுளே முடிந்து 2021-இல் அடுத்த தேர்தல் வந்துவிட்டது. ஐந்தாண்டுப் பதவிக்கு ஐந்தாண்டு விசாரணை என்றால், வாக்காளன் தெருவுக்கு வந்து கூவுவதில் பயனென்ன என்று எண்ணுவதை உதாசீனம் என்று பழிப்பது தகாது.

மறுபுறம் சந்திரகிரியைப் பார்ப்போம். 2019 ஏப்ரல் 11-ஆம் தேதி நடந்த தேர்தலில், திருப்பதியை ஒட்டிய அத்தொகுதியின் சில கிராமங்களில் தலித் மக்கள் வாக்களிக்க விடப்படவில்லை என்றும், அது அந்த ஒரு தேர்தலோடு நிற்கும் கதையன்று என்றும் புகார் எழுந்தது. காணொளிப் பதிவுகளைப் பரிசீலித்த தேர்தல் ஆணையம், என்.ஆர்.கம்மபல்லி உள்ளிட்ட ஐந்து வாக்குச்சாவடிகளிலும், பிறகு மேலும் இரண்டிலும் மறுவாக்குப்பதிவுக்கு உத்தரவிட்டது. மே 19-ஆம் தேதி அது நடந்தது. ஒரு மாதம் கழித்து இப்படி உத்தரவிடுவது அநீதி என்று தெலுங்கு தேசம் கட்சி ஆட்சேபித்தது. வெற்றி வித்தியாசமோ நாற்பதாயிரத்தைக் கடந்தது. ஏழு சாவடிகளின் வாக்குகள் முடிவை எவ்விதத்திலும் மாற்றியிருக்க முடியாது. அப்படியிருந்தும், பாதுகாப்போடு சாவடிக்குள் நடந்து சென்று விரலில் மை வைத்துக்கொள்ளும் உரிமை அந்த மக்களுக்கு எண்ணிக்கையைவிடப் பெரிதாக இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் பதவிக்கு 1996 முதல் 2006 வரை ஒழுங்கான தேர்தலே நடக்க முடியாமல் இருந்ததை நினைவில் வைத்துப் பார்த்தால், ஆறு வாரங்களுக்குள் கிடைத்த இந்தப் பரிகாரத்தின் அருமை புலப்படும்.

இரண்டே ஆண்டுகளில் காட்சி மாறியது. 2021-இன் உள்ளாட்சித் தேர்தலில் புங்கனூர் நகராட்சியின் எல்லா வார்டுகளும், சித்தூர் மாநகராட்சியின் 50 இடங்களில் 37-உம், திருப்பதியின் 50 இடங்களில் 22-உம் போட்டியின்றியே அப்போதைய ஆளுங்கட்சியான ஒய்.எஸ்.ஆர். காங்கிரசுக்குக் கிடைத்தன. மிரட்டி வாங்கிய ஏகமனம் என்றன எதிர்க்கட்சிகள். இசைந்து வந்த ஏகமனம் என்றது ஆளுங்கட்சி. இவற்றில் எது உண்மையாயினும், போட்டியில்லாத இடத்தில் வாக்குச்சீட்டே இல்லை. வாக்குச்சீட்டு இல்லாத இடத்தில் மக்களின் அபிப்பிராயத்துக்குச் சாட்சியும் இல்லை. அந்த மௌனத்தைச் சம்மதம் என்று கணக்கெழுதுவது பெருந்தவறு. மார்ச் 1-ஆம் தேதி எதிர்ப்புத் தெரிவிக்க வந்த தெலுங்கு தேசம் கட்சித் தலைவர் சந்திரபாபு நாயுடு ரேணிகுண்டா விமான நிலையத்திலேயே போலீசாரால் தடுக்கப்பட்டுத் தரையில் அமர்ந்து தர்ணா செய்தார். அன்றைய சித்தூர் மாவட்டம் அவர் பிறந்த மாவட்டம். அவருடைய குப்பம் தொகுதியும் அங்கேதான். ஒரு மாதத்துக்குப் பின் அவருடைய கட்சி மண்டல, மாவட்டப் பரிஷத் தேர்தல்களைப் புறக்கணித்தது. தலைவர்கள் புறக்கணிப்பதையும் குடிகள் சலித்து ஒதுங்குவதையும் ஒன்றாகக் கருதலாகாது. எனினும் வாக்குப்பெட்டிக்கு முன்னால் இரண்டும் ஒரே வெறுமையாகவே தோன்றுகின்றன.

அதே 2021 ஏப்ரல் 17-ஆம் தேதி திருப்பதி மக்களவை இடைத்தேர்தல் நடந்தது. வெளியூர்களிலிருந்து வாகனங்களில் ஆட்களைக் கொண்டுவந்து கள்ள ஓட்டுப் போடுவதாகத் தெலுங்கு தேசமும் பாரதிய ஜனதாவும் புகார் கூறி மறுதேர்தல் கோரின, ஆளுங்கட்சி மறுத்தது, மறுவாக்குப்பதிவு நடக்கவில்லை. 2019-இல் எண்பது விழுக்காட்டை ஒட்டியிருந்த வாக்குப்பதிவு, கொரோனாக் காலத்து அத்தேர்தலில் அறுபத்து நான்கு விழுக்காட்டளவுக்கு இறங்கியிருந்தது. ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் வேட்பாளர் குருமூர்த்தி 2,71,592 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். வாக்காளர் அடையாள அட்டைகள் முறைகேடாகப் பதிவிறக்கப்பட்ட விவகாரத்தில், அப்போது தேர்தல் பதிவு அலுவலராக இருந்த ஒரு உயர் அதிகாரி 2024 ஜனவரியில்தான் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அதற்குள் அந்த மக்களவையின் காலமே முடியும் தறுவாய்க்கு வந்துவிட்டது.

சந்திரகிரியையும் திருப்பதியையும் பிரிப்பது சாலை வழியே அரை மணி நேரப் பயணம். ஓரிடத்தில் ஆறு வாரங்களுக்குள் பரிகாரம், மற்றோரிடத்தில் ஏறத்தாழ மூன்றாண்டு கழித்து நடவடிக்கை. மக்கள் எதிர்க்கிறார்களா, அடங்குகிறார்களா என்பதை நிர்ணயிப்பது இந்த இடைவெளியே என்பது என் முடிவு. தேர்தல் மனுவை ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 86-ஆவது பிரிவு சொல்கிறது. அந்த முயற்சியைக் கட்டாயமாக்கப் பாராளுமன்றம் முன்வர வேண்டும். அதே சட்டத்தின் 81-ஆவது பிரிவு, வேட்பாளருக்கு மட்டுமன்றி அத்தொகுதியின் எந்த வாக்காளருக்கும் மனுச் செய்யும் உரிமையை அளித்திருக்கிறது. முடிவு வெளியான 45 நாட்களுக்குள், 2,000 ரூபாய் முன்பணம் கட்டி அதைத் தாக்கல் செய்யலாம். இதை ஊர்தோறும் எடுத்துச் சொல்லுங்கள்.