‘வரை’ என்ற சொல் போன பிறகு: பிரிவு 185-க்கு ஓர் உரை

கடலூர் ஆல்பேட்டை சோதனைச்சாவடி. சனிக்கிழமை இரவு பத்தரை மணி. புதுச்சேரி எல்லைக்குள் முள்ளோடையிலும் கன்னியக்கோவிலிலும் குடித்துவிட்டுத் திரும்பும் வண்டிகள் இந்த வழியாகத்தான் ஊருக்குள் வந்தாக வேண்டும். காவலர் ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாயின் உறையைக் கிழித்து, கருவியில் செருகி நீட்டுகிறார். “நல்லா மூச்ச இழுத்து ஊதுங்க, பாதியில நிறுத்தாதீங்க.” பஸ் டிக்கெட் அகலத்தில் ஒரு சீட்டு வெளியே வருகிறது. தேதி, நேரம், ஓர் எண். “இதுல ஒரு கையெழுத்து.”

கையெழுத்துப் போடுகிறவருக்கு அந்த நேரத்தில் தெரிந்தது ஒன்றுதான்: பத்தாயிரம் ரூபாய். “டிடி கேஸ்தானே, கோர்ட்டுல பத்தாயிரம் கட்டினா வண்டி வந்துரும்.” சிதம்பரத்தில் எங்கள் தெருவிலிருந்து மூன்று குடும்பங்களோடு நீதிமன்றம் வரை போய் வந்திருக்கிறேன். மூன்று குடும்பமும் அப்படி நம்பித்தான் வந்தன. அதனால்தான் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவையும் அதைச் சுற்றியுள்ள பிரிவுகளையும் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்க்க உட்கார்ந்தேன். குடித்துவிட்டு ஓட்டியவரைத் தப்பவைக்க எழுதவில்லை. எதிரே வந்த சைக்கிள்காரரை நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆனால் கைதான இரவில் என்ன நடக்கும், எது நடக்கக் கூடாது, அதன் பிறகு ஆறு மாதம் எப்படிப் போகும் என்பது அந்த வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கீழே மேற்கோள் குறிக்குள் தலைப்பாக இருப்பவை சட்டத்தின் கருத்தை நான் தமிழில் சொன்னவை.

“வண்டியை ஓட்டும்போதோ, ஓட்ட முயலும்போதோ”

ஓட்டும்போது என்று சொன்னால் போதாதா? போதாது. சாவியைத் திருகி, கிக்கரை மிதித்து, வண்டி நகர்வதற்குள் பிடிபட்டவர் “நான் இன்னும் ஓட்டவே இல்லையே” என்பார். அந்த வாயிலை அடைக்கத்தான் ‘முயலும்போது’. விபத்து நடந்தால்தான் குற்றம் என்றும் பலர் நினைக்கிறார்கள். இந்தப் பிரிவில் விபத்து என்ற சொல்லே கிடையாது. நேராக, மெதுவாக, ஹெல்மெட் போட்டு ஓட்டினாலும் அளவு மீறியிருந்தால் குற்றம் முழுமையாகிவிட்டது.

“100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால்”

1988-இல் இந்தச் சட்டம் பிறந்தபோது அளவே இல்லை. எவ்வளவு கொஞ்சமாக இருந்தாலும் குற்றம் என்றே இருந்தது. 1994-இல் திருத்தி 30 மில்லிகிராம் என்று கோடு போட்டார்கள். ஆகவே இப்போது ‘குடித்தார்’ என்பது மட்டும் குற்றம் அல்ல. கோட்டைத் தாண்டினாரா என்பதே கேள்வி.

சட்டம் ரத்தத்தைச் சொல்கிறது, கருவியோ மூச்சை அளக்கிறது. நுரையீரலின் அடியிலிருந்து வரும் 210 லிட்டர் காற்றில் உள்ள ஆல்கஹாலும் 100 மில்லி ரத்தத்தில் உள்ள ஆல்கஹாலும் ஏறத்தாழச் சமம் என்ற கணக்கில் அது எண்ணை மாற்றிக் காட்டுகிறது. நீளமாக ஊதச் சொல்வது அடிமூச்சு வர வேண்டும் என்பதற்காகத்தான். கடைசி வாய் குடித்த கையோடு ஊதினால் வாயில் தங்கிய ஆல்கஹால் எண்ணைக் கூட்டிக் காட்டும். அதனால்தான் சுமார் பதினைந்து நிமிடம் விட்டு மறுபடி ஊதச் செய்வது நல்ல முறை. பிரிவு 203 கைதானவருக்குக் காவல் நிலையத்தில் இன்னொரு முறை ஊதும் வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது. இது கேட்டுப் பெற வேண்டிய வாய்ப்பு.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். இந்தத் தொடரில் ‘எப்போது குடித்தார்’ என்ற சொல் இல்லை. ஒரு குவார்ட்டர் பிராந்தி 180 மில்லி; அதில் ஆல்கஹால் 42.8 சதவீதம். எடையில் கணக்கிட்டால் சுமார் 60 கிராம். 65 கிலோ எடையுள்ள ஆணின் ரத்தத்தில் அது 130-லிருந்து 140 மில்லிகிராம் வரை ஏற்றும். ஈரல் அதை மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வேகத்தில்தான் இறக்கும். 30-க்குக் கீழே வர ஏழு மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் மாறும் தோராயக் கணக்குதான் இது. ஆனாலும் கடை மூடும் நேரத்தில் வாங்கி, பதினொரு மணிக்குக் குடித்து முடித்து, நெய்வேலியிலோ கடலூர் சிப்காட்டிலோ காலை ஆறு மணி ஷிப்டுக்கு ஐந்தரைக்குக் கிளம்புகிறவர் இன்னும் கோட்டுக்கு மேலேதான் இருக்கிறார். தூங்கி எழுந்துவிட்டார், பல் விளக்கிவிட்டார், காப்பி குடித்துவிட்டார். ரத்தத்துக்கு இவை எதுவும் தெரியாது. மோரும் எலுமிச்சையும் குளியலும் ஈரலை அவசரப்படுத்துவதில்லை. ‘நேத்து ராத்திரி குடிச்சதுக்கு இன்னைக்குக் காலையில கேஸா’ என்று அழுத ஓர் இளைஞரை எனக்குத் தெரியும். அவர் சொன்னது பொய் இல்லை. சட்டம் கேட்டது அது இல்லை.

“மூச்சுக் கருவியிலோ, ஆய்வகம் உள்ளிட்ட வேறு சோதனையிலோ”

வாடை, தள்ளாட்டம், குழறல் இவை மட்டும் போதாது என்பதற்காக இந்தத் தொடர். மது வாசனை, தடுமாறும் நடை, விரிந்த கண்மணி, தெளிவில்லாத பேச்சு ஆகியவற்றை மட்டும் வைத்து ஒருவர் மது அருந்தினார் என்று முடிவு கட்ட முடியாது என்று வேறொரு மதுவிலக்கு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1971-லேயே சொல்லியிருக்கிறது.

“ஊத மறுத்தால்”

மறுத்தால் தப்பலாம் என்பது டீக்கடை சட்டம். நியாயமான சந்தேகம் இருக்கும்போது ஊத மறுப்பவரைப் பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம் என்கிறது பிரிவு 203. அடுத்து, பிரிவு 204-இன்படி மருத்துவரிடம் ரத்தம் கொடுக்கச் சொல்லலாம். அதையும் மறுத்தால் பிரிவு 205 காத்திருக்கிறது: தகுந்த காரணம் காட்டாத மறுப்பு, அரசுத் தரப்புச் சாட்சியத்துக்கு வலு சேர்க்கும் சூழ்நிலையாக எடுத்துக்கொள்ளப்படலாம். பேசாத வாயே சாட்சி ஆகிவிடும். கைதானவர் பெண்ணாக இருந்து, ரத்தம் எடுக்கும் மருத்துவர் ஆணாக இருந்தால், ஒரு பெண் உடனிருக்கும்போதுதான் எடுக்க வேண்டும். விபத்தில் அடிபட்டு உள்நோயாளியாக இருப்பவரை ஊதச் சொல்ல வேண்டுமானால் முதலில் அவரைக் கவனிக்கும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சிகிச்சைக்கு ஊறு என்று அவர் மறுத்தால் அங்கேயே நிறுத்த வேண்டும்.

“கைதான இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவச் சோதனை, இல்லையேல் காவலிலிருந்து விடுவிக்க வேண்டும்”

பிரிவு 202-இன் இந்த வரியைத்தான் வீட்டுக்காரர்கள் மனப்பாடம் செய்ய வேண்டும். புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் இரவு பதினொரு மணிக்கு ஒருவர் கைதாகிறார் என்று வையுங்கள். ஒரு பக்கம் கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, மறுபக்கம் சிதம்பரம் காமராஜ் அரசு மருத்துவமனை. எங்கே கொண்டுபோனாலும் ஒரு மணிக்குள் மருத்துவர் பார்த்திருக்க வேண்டும். மருத்துவர் பேச்சைக் கவனிப்பார், நேராக நடக்கச் சொல்வார், விரலால் மூக்கைத் தொடச் சொல்வார், கண்மணியைப் பார்ப்பார், நேரத்தைக் குறிப்பார். ரத்தம் எடுத்தால் ஊசி போடும் இடத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கக் கூடாது. அந்தப் பஞ்சிலேயே ஆல்கஹால் இருக்கிறது.

இங்கே உரைகாரன் ஒரு தவறான பாடத்தைத் திருத்தியாக வேண்டும். “ரெண்டு மணி நேரம் தாண்டிருச்சு, கேஸ் போச்சு” என்று சொல்லிக்கொள்கிறார்கள். ‘காவலிலிருந்து’ என்பதே சொல், ‘வழக்கிலிருந்து’ அல்ல. ஆளை வெளியே விட வேண்டும். ஏற்கெனவே ஊதிய சீட்டு நீதிமன்றத்தில் சாட்சியமாக நிற்கும்.

கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் தர வேண்டும் என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 47, 48-ஆம் பிரிவுகள். 185 ஜாமீனில் விடத்தக்க குற்றம். ஸ்டேஷனிலேயே ஜாமீன் கேட்கலாம். ஜாமீன்தாரர் கிடைக்காத ஏழைக்குச் சொந்தப் பிணையில் போகவும் வழி உண்டு. வண்டியைத் தற்காலிகமாகப் பத்திரப்படுத்தும் அதிகாரம் காவலருக்கு உண்டு. குடிக்காத, லைசென்ஸ் உள்ள ஒருவர் வந்து கேட்டால் அவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று தெலங்கானா உயர் நீதிமன்றம் 2021-இல் சொன்னது. நம் ஊர் நிலையங்களில் அது கட்டளை ஆகாது. கேட்டுப் பார்க்க நல்ல முன்மாதிரி.

பின்னால் உட்கார்ந்து வந்தவருக்கு ஒரு வார்த்தை: குற்றத்துக்கு உடந்தையாக இருப்பதைப் பிரிவு 188 தண்டிக்கிறது. 2022 அக்டோபரில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை, குடித்தவர் ஓட்டும் வண்டியில் உடன் வருபவர் மீதும் வழக்கு என்று அறிவித்தது இதை வைத்துத்தான்.

“ஆறு மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்”

தண்டனைத் தொடரைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், எல்லோரும் இதை மட்டும்தான் படிக்கிறார்கள், அதையும் பாதிதான் படிக்கிறார்கள்.

2019 செப்டம்பர் 1 வரை அபராதம் ‘இரண்டாயிரம் ரூபாய் வரை’. அன்றிலிருந்து ‘பத்தாயிரம் ரூபாய்’. தொகை ஐந்து மடங்கானது எல்லார் கண்ணிலும் பட்டது. ‘வரை’ என்ற சொல் போனது படவில்லை. சிறைக்கு இன்னும் ‘வரை’ இருக்கிறது. நடுவர் ஆறு மாதமும் தரலாம், ஒரு நாளும் தரலாம், தராமலும் விடலாம். அபராதத்தில் அந்த இடைவெளி இல்லை. ‘குடும்ப நிலைமை பாருங்கய்யா’ என்று கைகூப்பினால் முன்பு எண்ணூறுக்கோ ஆயிரத்துக்கோ இறங்க இடம் இருந்தது. இன்று சட்டத்தின் சொல்லில் அந்தப் படிக்கட்டு இல்லை.

இரண்டாம் முறைக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது பதினைந்தாயிரம், அல்லது இரண்டும். இங்கேயும் ஒரு தொடர் காணாமல் போயிருக்கிறது. முன்பு ‘மூன்று ஆண்டுக்குள் மறுபடி செய்தால்’ என்று இருந்தது. 2019-இல் அதை எடுத்துவிட்டார்கள். இருபத்திரண்டு வயதில் “ஒத்துக்கிறேன்யா” என்று சொல்லிக் கட்டிய பத்தாயிரம், நாற்பது வயதில் பிடிபடும்போது ‘முதல் குற்றம்’ ஆகி நிற்கும். சாலையில் கட்டி முடிக்கும் ஸ்பாட் பைன் அல்ல இது. நடுவர் முன் குற்றத்தை ஒப்புக்கொள்வது தண்டனைத் தீர்ப்பு. ஒப்புக்கொள்வதா, வழக்கை நடத்துவதா என்பதை வரிசையில் நிற்கும்போது முடிவு செய்யக் கூடாது. முதல் நாளே ஒரு வழக்கறிஞரிடம் சீட்டையும் மருத்துவச் சான்றையும் காட்டுங்கள். பணம் இல்லாதவர்களுக்கு நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு உண்டு.

சாலையில் யாராவது இறந்திருந்தால் 185 ஓரத்துக்குப் போய்விடும். தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106 வரும், ஐந்து ஆண்டு வரை சிறை. நிலைமை கடுமையாக இருந்தால் கொலையாகாத மரணத்துக்கான 105-உம் வரலாம். அது ஜாமீனில் விடத்தக்கதல்ல, கடலூர் கேப்பர் மலை சிறைதான். 2006-இல் மும்பை கார்ட்டர் சாலையில் நடைபாதையில் தூங்கிய ஏழு தொழிலாளர்கள் இறந்த வழக்கில், குடித்து ஓட்டியவருக்குக் கொலையாகாத மரணத்துக்கான மூன்று ஆண்டுத் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2012-இல் உறுதி செய்தது.

“ஆறு மாதத்துக்குக் குறையாமல் தகுதி நீக்கம்”

இது 185-இல் இல்லை. இருபதாம் பிரிவில், பல பக்கங்களுக்கு முன்னால் இருக்கிறது. அதனால்தான் யார் கண்ணிலும் படுவதில்லை. 185-இன் கீழ் தண்டிக்கும் நீதிமன்றம் ஓட்டுநர் உரிமத்துக்கு ஆறு மாதத்துக்குக் குறையாமல் தகுதி நீக்கம் விதிக்க வேண்டும் என்கிறது. சிறைக்கு ‘வரை’ போட்ட சட்டம் இதற்குக் ‘குறையாமல்’ போட்டிருக்கிறது. இது தவிர, பிரிவு 206-இன்படி காவலர் கைப்பற்றிய லைசென்ஸ் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் போகும். அங்கிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தால் பதில் கொடுக்காமல் இருக்காதீர்கள்; உத்தரவு பாதகமாக வந்தால் முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அரசு வேலையில் இருப்பவருக்கு ஆறு மாதம் பஸ்ஸில் போவது சிரமம். ஓட்டிப் பிழைப்பவருக்கு அது வேறு.

கடைசியாக நான் உடன் போனது ஓர் ஆட்டோ ஓட்டுநர் வீட்டாரோடு. சிதம்பரத்தில் ஆட்டோக்காரர்களுக்கு ஆண்டில் இரண்டு அறுவடை. ஆனித் திருமஞ்சனத்துக்கு ஒன்று, மார்கழி ஆருத்ரா தரிசனத்துக்கு ஒன்று. ரயிலடிக்கும் கீழவீதிக்கும் இடையில் இரவு பகலாக ஓடுவார்கள். அன்று ஆனித் தேருக்கு எட்டு நாள் இருந்தது. தோட்டை அடகு வைத்த பணத்தை அவர் மனைவி மஞ்சள் பையில் கொண்டுவந்திருந்தார். கட்டி, ரசீதை நாலாக மடித்து உள்ளே வைத்த பிறகுதான் குமாஸ்தா ஆறு மாத விஷயத்தைச் சொன்னார். ஓட்டுநர் வராந்தாத் தூணில் சாய்ந்துகொண்டு விரலை மடக்கினார். ஆனி, ஆடி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை. மடக்கிய விரல்களை விரிக்காமலேயே என்னைப் பார்த்தார்.

“அப்ப மார்கழித் தேருக்கு ஓட்டிரலாமாண்ணே?”