மீசான் கற்களும் தொலைந்த தஃப்தர்களும்

காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடலோர ஊர்களின் பழைய மையவாடிகளில் எழுத்துப் பொறித்த மீசான் கற்கள் இன்றும் நிற்கின்றன. பாட்டனாரின் வாப்பா யார், அவர் எந்த ஊரார் என்று அறிய விரும்பும் ஒரு குடும்பத்துக்கு, எஞ்சியிருக்கும் ஒரே எழுத்துச் சான்று பல சமயங்களில் அந்தக் கல்லாகவே இருக்கிறது. உப்புக் காற்றில் அதன் எழுத்துகள் ஆண்டுதோறும் தேய்ந்து வருகின்றன. ஆகவே, அவற்றை எவ்வாறு வாசிப்பது, எந்த நோக்கத்தோடு வாசிப்பது என்பதை நாம் இப்போதே அறிந்துகொள்வது நல்லது.

வம்சாவளியை அறிவது எதற்காக?

இரத்த உறவுகளைப் பேணுவதற்கு வேண்டிய அளவு வம்சாவளியைக் கற்றுக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியதாகத் திர்மிதீ நூலில் ஹதீஸ் உள்ளது. திருமணத்துக்கு ஆகுமானவர் யார், மஹ்ரம் யார், சொத்துக்கு வாரிசு யார் என்ற மூன்று கேள்விகளுக்கும் வம்சாவளி அறிவு இன்றி விடை கூற இயலாது. அதே வேளையில், மனிதர்கள் கூட்டங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்றும், அல்லாஹ்விடம் சிறப்பு இறையச்சத்துக்கே உரியது என்றும் அல்ஹுஜுராத் அத்தியாயம் நமக்கு அறிவுறுத்துகிறது. எனவே, பெருமை பேசுவதற்காக வம்சாவளி தேடுவது நம் வழியன்று.

கல்லில் எழுதுவது பற்றி

முஹாஜிர்களில் முதலாவதாக ஜன்னத்துல் பகீஃயில் அடக்கம் செய்யப்பட்ட உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரழி) அவர்களின் கப்ருத் தலைமாட்டில், நபி (ஸல்) அவர்கள் தம் கரங்களாலேயே ஒரு கல்லைச் சுமந்து வந்து வைத்தார்கள். அந்தக் கப்ரை அடையாளம் காணவும், தம் குடும்பத்தாரை அதனருகே அடக்கவும் அவ்வாறு செய்ததாக அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அடையாளக் கல்லுக்கு இதுவே ஆதாரம். ஆயினும், கப்ருகள் மீது எழுதுவதற்குத் திர்மிதீயில் தடை வந்துள்ளது. நடைமுறை அதற்கு மாறாக இருப்பதை இமாம் ஹாகிம் சுட்டிக்காட்ட, இமாம் தஹபீ அக்கருத்தை மறுத்தார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் எழுதுவது மக்ரூஹ் என்பதே பொதுவான நிலை. அடையாளத்துக்கு வேண்டிய அளவில் பெயர் எழுதுவதைப் பிற்கால ஃபகீஹ்களில் சிலர் அனுமதித்தனர். புதிய கற்களை எழுதி நிறுத்துமாறு நாம் யாரையும் தூண்டவில்லை. முன்னோர் எழுதி வைத்தவற்றை வாசிப்பதே இங்கு நம் பேச்சு.

வரலாற்றில் இத்தகைய கற்களின் எடை பெரிது. ஜாவாவின் லெரானில் உள்ள பாத்திமா பின்த் மைமூன் என்னும் பெண்மணியின் கல் ஹிஜ்ரி 475 (கி.பி. 1082) ஆம் ஆண்டைத் தாங்கி நிற்கிறது, தென்கிழக்காசியாவின் மிகப் பழைய இஸ்லாமியக் கல்வெட்டுகளுள் அதுவும் ஒன்று. சுமத்ராவின் பாசை சுல்தான் மலிக்குஸ் ஸாலிஹ் மறைந்த ஆண்டு ஹிஜ்ரி 696 (கி.பி. 1297) என்பதை அவருடைய மீசான் கல்லே அறிவிக்கிறது.

பதிவேடுகள் ஏன் இல்லை?

கிறித்தவர்களுக்குத் தேவாலயத்தின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள் உண்டு. நமக்கு ஏன் அவ்வாறு இல்லை என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. இதற்கான விடை மார்க்கச் சட்டத்திலேயே இருக்கிறது. வலீ, இரண்டு சாட்சிகள், ஈஜாபு, கபூல் ஆகியவற்றால் நிகாஹ் நிறைவேறிவிடும். எழுத்து அதற்கு நிபந்தனையன்று. 1880 ஆம் ஆண்டின் காஜிகள் சட்டமும், நிகாஹுக்குக் காஜி இருந்தே தீர வேண்டும் என்று விதிக்கவில்லை. ஆகவே தஃப்தர் என்பது கதீபோ லெப்பையோ தம் பொறுப்பில் வைத்திருந்த குறிப்பேடாகவே பல ஊர்களில் இருந்தது. அவர் மறைந்தபின் அது வீட்டுப் பரணுக்குப் போயிற்று. அங்கே கறையான் தின்றது, அல்லது பள்ளிவாசலைப் புதுப்பித்த வேளையில் பழைய தாள்களோடு போயிற்று. தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் அரசிடம் பதிவது கட்டாயமானது 2009 ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான்.

தஃப்தர் கிடைக்காத இடத்தில் நிலப் பத்திரங்கள் கைகொடுக்கும். பழைய பத்திரங்கள் எழுதிக் கொடுப்பவரின் பெயரோடு தகப்பனார் பெயர், ஊர், தொழில் ஆகியவற்றையும் சொல்லும். பாகப்பிரிவினைப் பத்திரம் இன்னும் பயனுடையது. ஃபராயிள் சட்டம் மகளுக்கும் மனைவிக்கும் தாய்க்கும் பங்கு வகுத்திருப்பதால், அதன்படி எழுதப்பட்ட பத்திரத்தில் பெண்களின் பெயர்களும் இடம்பெறும். ஆண்களை மட்டும் எழுதிய வம்சாவளிப் பட்டியலில் விடுபட்டுப்போன மூதாட்டிகளை நாம் அங்கே காண்கிறோம்.

வாசிக்கும்போது நேரும் பிழைகள்

முதலாவது, ஆண்டு. ஹிஜ்ரி ஆண்டோடு 622 ஐக் கூட்டினால் கி.பி. கிடைத்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு. ஆதலால் ஹிஜ்ரி ஆண்டை 33 ஆல் வகுத்து, வரும் ஈவை அதிலிருந்து கழித்து, பின்னரே 622 ஐக் கூட்ட வேண்டும். ஹிஜ்ரி 1250 என்பது கி.பி. 1834, வெறுமனே கூட்டினால் 1872 என வரும். 38 ஆண்டு வேறுபாட்டில் மகனைத் தந்தையாகக் கொள்ளும் பிழை நேர்ந்துவிடும்.

இரண்டாவது, எண்கள். அரபி இலக்கத்தில் ஐந்து வட்டமாகவும் சுழியம் புள்ளியாகவும் இருக்கும். தேய்ந்த கல்லில் புள்ளி மறைந்துவிடும். வட்டத்தைச் சுழியம் என்று கொள்வாரும் உண்டு. சில கற்களில் ஆண்டு எண்ணாக இல்லாமல் அப்ஜத் முறைப்படி எழுத்துகளுக்குள் பொதிந்திருக்கும். பிஸ்மில்லாஹ்வுக்கு 786 என்று எண்ணும் அதே கணக்குத்தான் அது.

மூன்றாவது, ஊர்ப்பெயர். கல்லில் 'அல்காஹிரீ' என்று கண்டு, தம் முன்னோர் எகிப்தின் கெய்ரோவிலிருந்து வந்தவர் என்று முடிவு கட்டுவோர் உள்ளனர். காயல்பட்டினத்துக்கு அரபியில் காஹிர் என்ற பெயர் வழங்கியது. ஸதக்கத்துல்லாஹ் அப்பா அவர்கள் அல்காஹிரீ எனப்பட்டது அதனாலேயே. 'அல்கீர்கரீ' என்றால் கீழக்கரையார்.

நான்காவது, ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருவது. பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் வழக்கம். ஆகவே பெயர் ஒத்திருப்பது மட்டும் போதாது. 'இப்னு', 'பின்த்' என்பவற்றுக்குப் பின்னுள்ள தந்தை பெயரும் ஆண்டும் ஒத்துவர வேண்டும். இவ்வூர்களில் மணமகன் மனைவி வீட்டில் வாழும் வழக்கம் இருந்ததால், ஒரு குடும்பத்தின் ஆண்கள் பல தெருக்களின் மையவாடிகளில் பிரிந்து கிடக்கக்கூடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

மையவாடிக்குள் ஸலாம் கூறி நுழைந்து, கப்ருகளை மிதிக்காமல் செல்க. காலை அல்லது மாலையின் சாய்ந்த வெயிலில் படம் எடுத்தால், தேய்ந்த எழுத்தும் நிழலால் துலங்கும். கம்பித் தூரிகை, அமிலம், சுண்ணாம்பு ஆகியவற்றால் கல்லைத் தேய்க்கலாகாது, எழுத்தே போய்விடும். தெரியாத எழுத்தை ஊகித்து நிரப்பாமல் இடம் விட்டு எழுதுக. கல் நிற்கும் இடத்தையும் குறித்து வைக்க. அரபுத்தமிழ் வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் காட்டுக. ஜமாஅத் நிர்வாகிகள் எஞ்சியுள்ள தஃப்தர்களைப் படியெடுத்து, ஒரு படியையேனும் பள்ளிவாசலுக்கு வெளியே பாதுகாக்கலாம். மையவாடியைச் சீரமைக்கும்போது, கற்களை அகற்றுவதற்கு முன் ஒவ்வொன்றையும் படமெடுத்துப் பதிந்தால், பிற்காலத்தார் நம்மைக் குறை கூற மாட்டார்கள். கடன் கொடுக்கல் வாங்கலையே எழுதி வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

கல் கிடைக்காத குடும்பங்கள் வருந்த வேண்டியதில்லை. பொறித்த கல்லை நிறுத்த வசதியுள்ளோரால்தான் முடிந்தது. எளியோர் மரக்கட்டையை நட்டனர், அல்லது ஒரு செடியை வைத்தனர். அவை மண்ணோடு மண்ணாயின. பகீஃயில் உறங்கும் ஸஹாபாக்களில் பெரும்பாலோரின் கப்ருகளும் இன்று இன்னதென்று அறியப்படாதவையே. அவர்களின் பெயர்கள் அல்லாஹ்விடம் தொலைந்துவிடவில்லை. பெயர் தெரிந்த முன்னோருக்கும் தெரியாத முன்னோருக்கும் துஆச் செய்வது நம் கடமை. உயிரோடிருக்கும் உறவினரை இன்றே தேடிச் செல்வது அதனினும் பெரிய கடமை.

நம் முன்னோர் அனைவரின் கப்ருகளையும் அல்லாஹ் ஒளிமயமாக்கி, நம் உறவுகளை இணைத்து வைப்பானாக. ஆமீன்.