கல்லில் கிடைத்த கொலஸ்ட்ரால்

கொலஸ்ட்ரால் என்றதும் நம் எல்லோருக்கும் இதயம்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அது முதலில் கண்டுபிடிக்கப்பட்டது இரத்தத்தில் அல்ல, பித்தப்பைக் கல்லில்! 18-ஆம் நூற்றாண்டிலேயே பிரான்ஸ் நாட்டவர் ஒருவர் அதைக் கல்லிலிருந்து பிரித்தெடுத்தார். 1816-ல் செவ்ரல் என்ற வேதியியல் அறிஞர் பெயர் சூட்டினார். கிரேக்க மொழியில் 'கோலே' என்றால் பித்தம், 'ஸ்டீரியோஸ்' என்றால் கெட்டியானது. மனித இரத்தத்திலும் அது இருக்கிறது என்று 1833-ல்தான் தெரிந்தது.

இரத்தக் கொழுப்புக்கும் வயிற்றுக்கும் என்ன உறவு? கல்லீரல் கொலஸ்ட்ராலைப் பித்தநீரில் கலந்து குடலுக்கு அனுப்புகிறது. கரைக்க முடியாத அளவுக்கு அது அதிகமானால் பித்தப்பையில் படிந்து கல்லாகிறது. இரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு மிக அதிகமானால் கணையமே வீங்கிவிடும்.

சரி, நம் நாட்டில் இந்தக் கல் யாருக்கு வருகிறது? இதற்கு விடை தேட உதவியது இரயில்வே. காந்திகிராமத்தை ஒட்டிய அம்பாத்துரை போன்ற சின்ன நிலையத்தில் வேலை பார்ப்பவரும் பஞ்சாபில் வேலை பார்ப்பவரும் ஒரே நிர்வாகத்தின் ஊழியர்கள். அவர்களுக்கென்று தனி மருத்துவமனைகள், பதிவேடுகள் உண்டு. எனவே வடக்கையும் தெற்கையும் ஒப்பிட முடிந்தது.

எஸ்.எல்.மல்ஹோத்ரா என்ற இரயில்வே மருத்துவர் அதைச் செய்தார். 1968-ல் வெளியான அவரது ஆய்வின்படி, பித்தப்பைக் கல் தென்னிந்திய ஊழியர்களைவிட வட இந்தியர்களிடம் ஏழு மடங்கு அதிகம். நெய்யும் பாலும் அதிகம் சாப்பிடுகிறவர்கள், அப்படித்தான் இருக்கும் என்று தோன்றுகிறதா? அவரே 1967-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வைப் பாருங்கள். இதயநோய் மரணம் தெற்கில்தான் பல மடங்கு அதிகம்! இத்தனைக்கும் தெற்கத்தியர்கள் சாப்பிட்ட கொழுப்பு மிகக் குறைவு.

மென்று சாப்பிடுவதும் தயிர், மோரும் வடக்கத்தியர்களைக் காத்தன என்பது மல்ஹோத்ராவின் விளக்கம். அது நிரூபணமாகவில்லை. இரயில்வே ஊழியர்களை வைத்து மொத்த மக்களையும் எடைபோடவும் முடியாது. ஆனாலும் ஒரு பாடம் மிஞ்சுகிறது. "நான் நெய்யே தொடுவதில்லை, எனக்கு ஒன்றும் வராது" என்று யாரும் நிம்மதியாக இருக்க முடியாது.

1947-ல் டாக்டர் சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தொடங்கியபோது கிராம சுகாதாரம் முக்கிய நோக்கமாக இருந்தது. இன்றும் சாப்பிட்டபின் வலது விலாவுக்குக் கீழே வலித்தால் "வாயு" என்று ஓமத்தண்ணீர் குடித்துவிட்டுப் படுப்பவர்கள் உண்டு. வலி திரும்பத் திரும்ப வந்தால் ஒரு ஸ்கேனும் ஒரு இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்வது நல்லது. வீட்டில் பெரியவர்களிடமும் சொல்லுங்கள் நண்பர்களே!